தாத்தாவின் பென் டிரைவும் காணாமல்போன ‘ஜ’வும்!

‘‘ஏன் பாப்பா, நீ கம்ப்யூட்டர் இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற? இதைக் கொஞ்சம் தொறந்து குடேன்!’’

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன அன்றைக்கே தாத்தா ஆரம்பித்துவிட்டார். ‘நான் படிக்கிறது கம்ப்யூட்டர் இல்ல தாத்தா, இ.சி.இ.’ என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? நம்ம ஊரில் இன்ஜினீயரிங் என்றால் எல்லாமே ஒன்றுதான் பாஸ். மிக்ஸி ஓடலையா... கூப்பிடு பாப்பாவை! பக்கத்து வீட்டு அத்தைக்கு வாட்ஸ்அப்பில் படம் வரலையா... கூப்பிடு பாப்பாவை!

இந்த முறை தாத்தா நீட்டியது ஒரு பென் டிரைவ். அதுவும் வெற்றிலைப் பெட்டிக்குள்ளிருந்து! சுண்ணாம்பு டப்பாவுக்கும் பாக்குவெட்டிக்கும் நடுவில், 2008-லிருந்து அங்கேயே குடியிருக்கிறதாம்.

தாத்தா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். திருத்துறைப்பூண்டி பக்கம் சின்ன கிராமம். அவருடைய அம்மா, அதாவது என் கொள்ளுப் பாட்டி, நடவு வேலைக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், பாடத் தெரியும். வயலில் வரிசையாக நின்று நாற்று நடும்போது கொள்ளுப் பாட்டி ஓர் அடி எடுத்துக் கொடுக்க, மற்ற பெண்கள் வாங்கிப் பாடுவார்களாம். அதையெல்லாம் தாத்தா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

ரிட்டயர் ஆன இரண்டாவது வருஷம், பழைய ஸ்கூல் ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கிருந்த அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அத்தனை பாட்டையும் பவர்பாயின்ட்டில் ஏற்றிவிட்டார். 60 வயதில்! நாமெல்லாம் செமினாருக்கு முதல் நாள் ராத்திரி சீனியரின் பிபிடியில் பெயரை மட்டும் மாற்றுகிற கோஷ்டி. வெட்கமாக இருக்கிறதா? எனக்கு இருந்தது.

சரி, நோட்டு எங்கே என்று கேட்டேன். தாத்தா மோட்டுவளையைப் பார்த்தார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததே, அன்றைக்குத் தாத்தா வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. மூன்று நாள் கழித்துப் பரணிலிருந்து எடுத்தபோது நோட்டு நீல நிறக் களியாகக் கிடந்ததாம். மை பேனாவால் எழுதியது. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

‘‘உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே தாத்தா?’’

‘‘மெட்டு இருக்கு பாப்பா. வார்த்தை பாதிக்கு மேல போயிருச்சு. அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, இனிமே எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்னு விட்டுட்டேன்.’’

சுருக்கென்றது. போன் நம்பரில் ஆரம்பித்து ஃபார்முலா வரை நாம் எல்லோரும் செய்கிற அதே வேலை!

முதல் பல்பு!

‘பிபிடிதானே, ரெண்டு நிமிஷம் தாத்தா’ என்று கெத்தாகப் பென் டிரைவைச் சொருகினேன். உள்ளே ஒரே ஒரு பவர்பாயின்ட் ஃபைல். க்ளிக் செய்தேன். ‘திறக்க முடியவில்லை’ என்றது. போனில் போட்டேன். அதற்கும் அதே பதில்.

கொஞ்சம் விசாரித்ததும் உண்மை வெளியே வந்தது. விழா முடிந்ததும் ஸ்கூல் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலைக் காப்பி செய்திருக்கிறார் தாத்தா. பச்சைக் கோடு பாதி தூரம் ஓடும்போதே, ‘‘கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு புடுங்கிட்டேன்!’’ வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, அதனால் அதற்குப் பிறகு திறந்தே பார்க்கவில்லை. ஸ்கூல் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆக, உலகத்திலேயே இருக்கும் ஒரே பிரதி இந்த அரைகுறை ஃபைல்தான்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் ரூம்மேட் ஒரு க்ளூ கொடுத்தாள். ‘‘மச்சி, 2007 ஆபீஸிலிருந்து வருகிற பிபிடி எல்லாமே உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல்தான்டி. பேரை மாத்திப் பிரிச்சுப் பாரு.’’ உண்மைதான். நீங்களும் உங்கள் பிபிடி ஒன்றைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஸ்லைடுகள் ஒரு ஃபோல்டரில், படங்கள் ஒரு ஃபோல்டரில் என்று சமர்த்தாக அடுக்கியிருக்கும்.

என் ஃபைல் பிரியவில்லை. ஜிப் ஃபைலுக்குள் என்னென்ன இருக்கிறது என்கிற அட்டவணை, புத்தகம் மாதிரி முன்னால் இருக்காது, கடைசியில் இருக்கும். தாத்தா பிடுங்கியதில் அந்தக் கடைசிப் பகுதிதான் காலி. ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் அங்கே வெறும் பூஜ்யம் பூஜ்யமாக ஓடியது.

நல்லவேளை, ஜிப்புக்குள் ஒவ்வொரு துண்டும் தன் தலையிலும் ஓர் அடையாளம் வைத்திருக்கும். ‘பி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்து. 1989-ல் ஜிப் முறையைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸ் என்பவரின் இனிஷியல்! பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, ‘பி.கே. எங்கெல்லாம் இருக்கிறாரோ அங்கெல்லாம் பிரித்துக் கொடு’ என்றேன். 41 ஸ்லைடும் வந்து விழுந்தன. அலறின அலறலில் பக்கத்து ரூமிலிருந்து வந்து ‘பல்லியா?’ என்று கேட்டார்கள்.

ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை

சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஸ்லைடுக்குள் இருந்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்து, கமா, டாலர், தலையில் கொம்பு முளைத்த பிரெஞ்சு எழுத்து என்று கலந்து கட்டி ஒரு சாம்பார்.

விஷயம் இதுதான். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால், நம்ம ஊர் டி.டி.பி. சென்டர்களுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆனது. அதுவரை என்ன செய்தார்கள்? ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் தமிழ் எழுத்தின் படத்தைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் சாம்பார்!

இதில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் நாற்காலி வரிசை வேறு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. நடுவில் அவரவர் இஷ்டத்துக்கு அவரவர் வரிசை.

பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று கிடைத்த கன்வெர்ட்டர்களில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. ஸ்லைடில் எழுத்துருவின் பெயர் இருந்தது. தேடினால் அதுவும் எங்கேயும் இல்லை. கிடைத்த துண்டுகளை ஒட்டவைத்து காலேஜ் லேப் பவர்பாயின்ட்டில் கொடுத்தேன். ‘ரிப்பேர் செய்யட்டுமா?’ என்று பணிவாகக் கேட்டது. செய்தது. 41 வெள்ளை ஸ்லைடுகளைக் கொடுத்தது.

பூட்டு கிடைத்துவிட்டது, சாவி இல்லை.

சாவி உள்ளேயே இருந்தது!

ராத்திரி ஒரு மணி. தூக்கம் வராமல், பிரித்த துண்டுகளின் பெயர்ப் பட்டியலை மறுபடி மேய்ந்துகொண்டிருந்தேன். ஸ்லைடு, லே-அவுட், தீம்... ‘ஃபான்ட்ஸ்’. அதற்குள் ‘எஃப்என்டிடேட்டா’ என்ற வாலோடு ஒரே ஒரு ஃபைல்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிரவுசிங் சென்டர் அண்ணன், ‘ஸ்கூல் கம்ப்யூட்டரில் இந்த எழுத்துரு இருக்காதே’ என்று யோசித்து, சேமிக்கும்போது எழுத்துருவையும் ஃபைலுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். யாரென்றே தெரியாத அந்த அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு!

அந்த ஃபைலை அப்படியே எழுத்துருவாகத் திறக்க முடியாது. அது இஓடி என்ற வகை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில், படிப்பவரின் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் தெரிய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் செய்த உறை. 2000-களின் ஆரம்பத்தில் பல தமிழ் இணையப் பத்திரிகைகள் அதை நம்பித்தான் ஓடின. ஃபைலில் 34 பைட் தள்ளிப் பார்த்தால் ‘எல்’, ‘பி’ என்று இரண்டு எழுத்து இருக்கும், அதுதான் முத்திரை. பார்த்தேன், இருந்தது!

உறைக்குள் இரண்டு பூட்டு. முதல் பூட்டு, ஒவ்வொரு பைட்டையும் ஒரே எண்ணோடு எக்ஸார் செய்திருப்பார்கள். ஹெக்ஸாடெசிமலில் 50, நம்ம கணக்கில் 80. ‘டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ்’ பேப்பரில் எக்ஸார் கேட் வரைந்தோமே, எதுக்குடா இதெல்லாம் என்று திட்டினோமே, அதேதான்! ஒரே எண்ணோடு இரண்டு முறை எக்ஸார் செய்தால் பழையபடி திரும்பி வந்துவிடும். அரியர் வைத்த பேப்பர் வாழ்க்கையில் உதவிய தருணம்!

இரண்டாவது பூட்டுதான் பெரிசு. மோனோடைப்பின் ‘மைக்ரோடைப் எக்ஸ்பிரஸ்’ என்ற சுருக்கும் முறை. எழுத்தின் வளைவு, புள்ளிகள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து அமுக்கி வைத்திருக்கும். இதன் விவரங்கள் 2008-லேயே டபிள்யூ3சி அமைப்பிடம் தரப்பட்டுவிட்டன. அதை வைத்து எழுதிய ‘லிப்இஓடி’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டேன். ஒரு டிடிஎஃப் எழுத்துரு வெளியே வந்தது. ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்தேன்.

கட்டம் கட்டமாக விரிந்த திரையில்... ‘அ’. தள்ளி ஒரு ‘டி’. இன்னொரு ஓரத்தில் ‘நெ’-க்குப் போடுகிற ஒற்றைக் கொம்பு மட்டும் தனியாக. அழுகை வந்துவிட்டது பாஸ், நிஜமாக.

பொக்கை வாய் எழுத்துரு

ஆனால், பாதிக் கட்டங்கள் காலி. பொக்கை வாய் மாதிரி. சேமிக்கும்போது பவர்பாயின்ட் இரண்டு வழி கேட்கும்: ‘பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் வை’, ‘எல்லா எழுத்தையும் வை’. அண்ணன் முதலாவதை விட்டிருக்கிறார். தாத்தா அடித்த எழுத்துகள் மட்டும்தான் உள்ளே. எண்ணிப் பார்த்தேன், 83 வடிவங்கள்.

எனக்கு அது போதும். எந்த நாற்காலியில் எந்த எழுத்து என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து அட்டவணை போட்டேன். புரோகிராமில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றினேன். அடுத்த பல்பு! பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள், கொம்பு முதலில், எழுத்து அப்புறம். யூனிகோடிலோ எழுத்து முதலில், கொம்பு அப்புறம். அதனால் ‘நெல்’லின் கொம்பு அநாதையாக முன்னால் நின்றது. ‘கொ’ என்பது கொம்பு, ‘க’, கால் என்று மூன்று துண்டாக வரும். மூன்றையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். எல்லாம் சரிசெய்து முடித்தபோது 23 நடவுப் பாட்டுகள், போனில் படிக்கிற தமிழில்!

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எடுத்த எழுத்துருவை வைத்து அழகாக ஒரு புத்தகமே போடலாம் என்று ஆசை வந்தது. எழுத்துருவுக்குள் அனுமதி எண் ஒன்று இருக்கும். 0 என்றால் நிறுவிக்கொள்ளலாம். 2 என்றால் ஃபைலில் வைக்கவே கூடாது. 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும். 8 என்றால் திருத்தவும் செய்யலாம். இதில் 4 இருந்தது. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த எழுத்து அது. என் தாத்தாவின் வார்த்தைகளைப் படிக்க உதவியது, அதோடு சரி. டெஸ்க்டாப்பில் போட்டு நண்பர்களுக்குப் பங்கு வைப்பது நியாயமில்லை என்று பட்டது. அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

காலிக் கட்டங்கள் சொன்னது

அடுத்த லீவில், திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகப் படித்தேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான்காவது பாட்டில் நிறுத்தச் சொன்னார். ‘‘அது ‘வரப்பு’ இல்ல பாப்பா, ‘பரப்பு’. நான்தான் தப்பா அடிச்சிருக்கேன்.’’ பத்தாவது பாட்டுக்கு மேல் நான் படிக்கவே தேவைப்படவில்லை. முதல் வார்த்தையைச் சொன்னால் மீதியை அவரே பாடினார். 23-ம் முடிந்தபோது, ஃபைலில் இல்லாத ஒரு பாட்டு அவர் வாயில் வந்தது. காட்டுயானம் நெல்லைப் பற்றியது. அவசரமாக போனில் பதிவு செய்தேன். இப்போது 24!

அப்புறம்தான் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எழுத்துருவின் காலிக் கட்டங்களைப் பார்க்கும்போது தோன்றியது. அதில் ‘ஔ’ இல்லை, ‘ஃ’ இல்லை. சரி, நடவுப் பாட்டில் அதற்கு என்ன வேலை? ‘ஜ’வும் இல்லை. என் கொள்ளுப் பாட்டியின் பெயர் ராஜாம்பாள். ‘ஜ’ இல்லாமல் அந்தப் பெயரை எழுதவே முடியாது. 41 ஸ்லைடையும் மறுபடி தேடினேன். முதல் ஸ்லைடில் ‘தொகுப்பு’ என்று தாத்தாவின் பெயர் இருந்தது. ஸ்கூல் பெயர் இருந்தது. பாடியவர் பெயர் எங்கேயுமே இல்லை.

‘‘ஏன் தாத்தா, உங்கம்மா பேரைப் போடவே இல்லை?’’

தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

‘‘வேணும்னு செய்யல பாப்பா. அம்மாதானேன்னு விட்டுட்டேன். எனக்குத்தான் தெரியுமே, எழுதி வேற வைக்கணுமான்னு...’’

எனக்கும் மேலே பேச்சு வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் இன்டர்னாகச் சேர்ந்ததும், ‘உனக்கு நடந்தது ஒண்ணு எழுதிட்டு வா’ என்றார்கள். இதைவிட வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் பாட்டு, நோட்டு, பவர்பாயின்ட், ஜிப், இஓடி என்று எத்தனையோ உறை மாறி வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் அவர் பெயர் மட்டும் ஏறவே இல்லை. தொலைந்ததைத் தேடி எடுக்க மென்பொருள் இருக்கிறது. எழுதாமல் விட்டதை எடுக்க ஒன்றும் கிடையாது, தெரிந்தவர்களைக் கேட்டால்தான் உண்டு.

அதனால் ஃப்ரெண்ட்ஸ், சின்னதாக மூன்று விஷயம். உங்கள் வீட்டில் பழைய எழுத்துருவில் ஃபைல் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிபிடி சேமிக்கும்போது ஆப்ஷன்ஸில் ‘சேவ்’ பகுதிக்குப் போய், எழுத்துருவை உள்ளே வைக்கச் சொல்லி, ‘எல்லா எழுத்தும்’ என்பதை டிக் அடியுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப். அப்புறம், யார் சொன்னது, யார் பாடியது என்று முதல் ஸ்லைடிலேயே போடுங்கள்.

24 பாட்டையும் இலவச யூனிகோடு எழுத்துருவில் சின்னப் புத்தகமாக்கி, ஜெராக்ஸ் கடையில் 50 பிரதி எடுத்தோம். முதல் பக்கத்துக்கு வந்தபோது, ‘பாடியவர்: ராஜாம்பாள்’ என்று அடித்துத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

‘‘ரேஷன் கார்டுலதான் அது. வயக்காட்டுல எல்லாரும் ராசாம்பான்னுதான் கூப்பிடுவாங்க. அப்படியே போடு.’’

‘‘யூனிகோடுல ‘ஜ’ இருக்கு தாத்தா!’’

‘‘இருந்துட்டுப் போகட்டும்.’’

அப்படியேதான் போட்டிருக்கிறோம். பாடியவர்: ராசாம்பா.

பென் டிரைவ் மறுபடி வெற்றிலைப் பெட்டிக்கே போய்விட்டது. இந்த முறை உள்ளே புதுப் பிரதி. நானே காப்பி செய்து, ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து, பத்திரமாகக் கழற்றிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு லேட்டானாலும் பரவாயில்லை!